ஏழாவது தடவை

"குளிக்கச் சுடுதண்ணி வருமாம்மா?" என்று கொத்தனாரின் மனைவி கேட்டாள்.

"வரும்மா. காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும்" என்றாள் மறதி நோயாளிகள் இல்லத்தின் நர்ஸ்.

அறையைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள். கழிப்பறையில் பிடித்துக்கொள்ள வைத்திருந்த கம்பியைக் கொத்தனார் ஆட்டிப் பார்த்து, "நல்லா இறுக்கியிருக்கான்" என்றார். அதற்குள் அவர் மனைவி சுடுதண்ணியைப் பற்றி ஆறு தடவை கேட்டுவிட்டாள். ஆறு தடவையும் நர்ஸ் முதல் தடவை போலவே பதில் சொன்னாள்.

பிறகு கொத்தனாரிடம் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, வீட்ல இவங்கள எப்படித்தான் சமாளிக்கிறீங்க?"

"படாத பாடுதாம்மா."

"குளிக்கச் சுடுதண்ணி வருமாம்மா?"

"வரும்மா. காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும்."

மனைவி பையைக் கீழே வைத்தாள். "ஃபாரத்தைக் கொண்டா தாயி. நீ பாஸ். போன இடத்துல நாலாவது தடவையே எரிஞ்சு விழுந்தாங்க."

"அப்ப உங்களுக்கு மறதி...?"

"எனக்கெதுக்கு மறதி? சேரப்போறது இவரு. கேட்டதையே நாளைக்கு நாப்பது தடவை கேப்பாரு. நானே மூணாவதுல கத்திடறேன், அப்புறம் உக்காந்து அழறேன். கத்தாத ஆளத் தேடித்தான் இந்த அலைச்சல்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கொத்தனார் மறுபடியும் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இறுக்கியிருக்கான்" என்றார். பிறகு மனைவி பக்கம் கண்ணைக் காட்டி, நர்ஸிடம் ரகசியமாகக் கேட்டார்: "இந்தம்மாவ எப்ப சேத்துக்கப் போறீங்க?"