வேலாயுதத்தின் தள்ளாட்டம்

"சாராயக்கடை திறந்தாலும் திறந்தாங்க, உன் தங்கச்சி குடி முழுகிப் போச்சுப்பா!"

வாலாஜாபாத் பஸ்ஸை விட்டிறங்கி, பிள்ளையார்பாளையத்தில் தங்கை வீட்டுக்கு வந்த ராமலிங்கத்தை எதிர்வீட்டுப் பட்டம்மாள் இப்படித்தான் வரவேற்றாள்.

"யாரு, வேலாயுதம் மாப்ளயா? காப்பியே ரெண்டாந்தரம் கேக்கமாட்டாரே!"

"அதெல்லாம் அப்போ. இப்ப சாயங்காலம் தறியை வுட்டு எழுந்தா நேரா ஊத்திக்கினு, பொண்டாட்டி தோளப் புடிச்சிக்கினு ஊர்கோலம்தான். காதுல ஆபரேசன் பண்ணிக்கினு வந்த பொண்ணு, அது மேலயே சாயறான். வெக்கங்கெட்டவன்! தோ, வராங்க பாரு."

தெருமுனையில் வேலாயுதம். ஒரு கை காந்தாவின் தோளில். இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. வாசலுக்கு வாசல் சிரிப்பு.

ராமலிங்கத்துக்கு ஒரே தங்கை. வருஷக்கணக்காகக் காதில் சீழ். மெட்ராசுக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து குணமாக்கியது இதற்குத்தானா? இன்றைக்கே அவளைக் கையோடு கூட்டிப் போய்விடுவது என்று தீர்மானித்தான்.

உள்ளே போய்க் காத்திருந்தான். இருவரும் நுழைந்ததும் கதவைச் சாத்தி, மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு.

வேலாயுதம் ஆடாமல் நின்றான். காந்தாதான் அவன் பிடி விட்டதும் தள்ளாடிப் போய்ச் சுவரில் மோதினாள்.

வேலாயுதம் ஓடிப்போய்த் தாங்கினான்.

"ஆபரேசனுக்கு முன்னயே இவளுக்குத் தலை கிறுகிறுப்புதான் மச்சான். கோயில்ல ஒருநாள் வுழுந்துட்டா. குடிச்சவளாட்டம் போறா பாருன்னு சிரிச்சாங்க. அதிலேர்ந்து வாசப்படி தாண்டமாட்டேன்னுட்டா. இப்ப காது ஆறிடிச்சி. கிறுகிறுப்பு அடங்க இன்னும் நாளாவுமாம். படுத்துக்கினே இருந்தா சரியாவாது, தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"தாங்கிப் புடிச்சு நடத்தவேண்டியதுதானே? நீங்க எதுக்கு குடிகாரன் வேசம் கட்டறீங்க?"

"பொண்டாட்டிய அணைச்சுப் புடிச்சிக்கினு தெருவுல நடந்தா இந்த ஜனங்க வாய் சும்மா இருக்குமா? இவளையில்ல பேசுவாங்க! குடிகாரன் பொண்டாட்டி மேல சாஞ்சா, 'பாவம் அவ'ன்னு வழி வுடறாங்க."

காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வேணாம்னுதாண்ணா சொன்னேன். கேட்டாத்தானே!"

இப்படிப்பட்டவனின் சட்டையையா பிடித்தோம் என்று ராமலிங்கத்துக்குக் கூசிப்போயிற்று. அன்று ஊருக்குத் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் காந்தா நடுவில் நடந்தாள். ஒரு பக்கம் வேலாயுதம் தள்ளாட, மறுபக்கம் ராமலிங்கம் அவனைவிட ஒரு படி மேலே போய், உளறிக்கொண்டே ஆடினான். காந்தா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, ஒரே நாள்ல மச்சானையும் கெடுத்துட்டான்பா!"