ஆளுக்கொரு குறை

“மாடு மூணு நாளா வைக்கோல்ல வாயே வைக்க மாட்டேங்குது சாமி. ஒரு செபம் சொல்லுங்க” என்று வாசற்படியில் வந்து உட்கார்ந்தார் அருளப்பன்.

ஞானாதிக்கம் சாமியார் அப்போதுதான் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். நேரம் பார்த்து வந்து சேர்ந்தாரே மனுஷர் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டு, மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

மாட்டுக்கு ஒரு செபம், மனுஷருக்கு ஒரு மணி நேர ஆறுதல். அருளப்பன் எழுந்திருப்பதற்குள் சமையல்காரர் சோறு போட்டுவிட்டார். புயலுக்குப் பிறகு சமையல்காரர் ராத்திரியில் வீட்டுக்குப் போவதில்லை. கதவண்டையில் பாய் விரித்துக்கொள்கிறார்.

ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயல் கோட்டுச்சேரிப் பக்கத்து அந்தச் சின்ன ஊரைப் புரட்டிப் போட்டு எண்பது நாள் ஆகியிருந்தது. கதிர் முற்றிய வயலில் கடல்தண்ணீர் ஏறிவிட்டது. சர்க்கார் கொடுத்த அரிசி பொங்கலோடு தீர்ந்தது.

பாதிக் கூரை போன மாதா கோயிலில் நின்றுகொண்டு ஞாயிறுதோறும் சாமியார் பிரசங்கம் வைத்தார். “இந்தப் போகம் போச்சுன்னா அடுத்த போகம் வரும். மனசு விட்டுப்போச்சுன்னா யாரு கொண்டாந்து தருவா? ஒருத்தர ஒருத்தர் விட்டுடாதீங்க.” ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு குடும்பம்கூட ஊரைக் காலி செய்யவில்லை. சாமியார்தான் ஊரையே தாங்குகிறார் என்று காரைக்கால் வரைக்கும் பேச்சு.

சாமியாரால் தன்னைத் தாங்க முடியவில்லை. அதை வெளியே சொல்லவும் வழியில்லை.

புயல் வந்த அன்று கோயில் மணியை அடித்தது அவர்தான். “குடிசையில இருக்காதீங்க, கோயிலுக்கு வாங்க, கல்லுக் கட்டடம்” என்று தெருத் தெருவாகக் கூப்பிட்டதும் அவர்தான். எல்லாரும் வந்தார்கள். வடக்குச் சுவர் விழுந்தது. அதன் அடியில் போனது ராசாத்தியின் ஒரே மகள், ஒன்பது வயது. மறுநாள் போய்ப் பார்த்தால் ராசாத்தியின் குடிசை விழாமல் நின்றது.

ராசாத்தி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூசைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், அவர் வெளியே வருமுன் போய்விடுவாள். ஏசிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடக்கம் முடிந்த வாரம், பொழுது சாயும் நேரத்தில், சாமியார் அங்கியோடு கடலில் இடுப்பளவு இறங்கினார். திரும்பி வரும் எண்ணம் இல்லை. கரையில் யாரோ இருமினார்கள். வெட்கப்பட்டுக் கரையேறினார், சவுக்கு மரங்களைத் தவிர அங்கே எதுவும் கண்ணில் படவில்லை.

அதிலிருந்து அந்த எண்ணம் தினமும் அதே நேரத்துக்கு வந்தது. அதே நேரத்துக்கு ஒரு குறையோடு யாராவது வந்தார்கள். ஒரு நாள் மதலேனம்மாள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் மகன் கடுதாசி போடவில்லை. ஒரு நாள் பல்வலி. ஒரு நாள் மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து வந்ததில்லை, ஒருவரும் வராத நாளும் இல்லை. இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சாமியாரும் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அருளப்பன் வந்துபோன மறுநாள் காலை சாமியார் அவர் வீட்டு வழியாகப் போனார். மாடு வைக்கோலை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. நம் செபத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷம் வரவில்லை.

அன்று ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சிலுவைப் பாதை செபத்தில், சிலுவை சுமந்து போகும் மகனைத் தாய் சந்திக்கும் நான்காம் தலத்துக்கு வந்ததும் அவருக்குக் குரல் எழும்பவில்லை. கடைசி வரிசையில் ராசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையோடு அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்கு எவர் வந்தாலும் உட்காருவதில்லை என்று செருப்புகூடப் போடாமல் கிளம்பினார்.

வாசலில் ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

எண்பது நாளாக வராத கேள்வி வந்துவிட்டது. வரட்டும், கேட்டுவிட்டே போகலாம் என்று நின்றார்.

“சொல்லும்மா. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

“கோழி முட்ட வைக்க மாட்டேங்குது சாமி.”

சாமியார் அவளையே பார்த்தார். “உங்க வீட்டுல கோழி ஏது ராசாத்தி? எல்லாந்தான் புயல்ல போயிடுச்சே.”

ராசாத்தி முந்தானையை முறுக்கினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. “ஏதாச்சும் ஒரு கொறையச் சொல்லுன்னு அருளப்பண்ணன் சொன்னாங்க. எனக்கு இதுதான் வாயில வந்துச்சு.”

“எதுக்கும்மா சொல்லணும்?”

கடற்கரைக்குப் போகிற பாதையை மறித்து, வாசல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“உள்ள போங்க சாமி. உங்களக் கடலுக்கு விடாமப் பாத்துக்க இன்னிக்கு என் மொற.”