நடுவகிடு

"நூத்தம்பது வருஷப் படம்னா சட்டத்துல அடிச்ச ஆணியோட துரு துணியில ஊறியிருக்கணும் சார். ஊறியிருக்கு பாருங்க. அப்புறம் இந்த வெள்ளை நிறம்..."

"மேடம்," அருங்காட்சியகத் தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "அசலா, போலியா? அதை மட்டும் சொல்லுங்க."

ஓவிய நிபுணரின் முகம் சுண்டியது. அவள் சொல்வதை முழுசாகக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. பெயர்ப்பலகை வரையும் அவள் கணவர். ஒரு வருடமாக, காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல், "அப்புறம்? போலியை வேற எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அதைவிடப் பெரிய பரிசு அவளுக்குக் கிடைத்ததில்லை.

"அசல்தான் சார்," என்று பேனாவைத் திறந்தவள், கடைசியாக ஒருமுறை படத்தைப் பார்த்தாள். கவுன் போட்ட குழந்தை, கையில் மரக்குதிரை. பின்பக்கம், 'என் மகன், வயது நான்கு' என்ற எழுத்து.

பேனா நின்றது.

"என்ன மேடம்?"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க படங்கள்ல சின்னப் பையனுக்கும் கவுன்தான் சார். வகிட்டை வச்சுத்தான் அடையாளம். பொண்ணுக்கு நடுவகிடு, பையனுக்குப் பக்கவகிடு. இவனுக்கு நடுவகிடு. இது போலி."

"இவ்வளவு தெரிஞ்சவன் இதுல போய்க் கோட்டை விட்டுட்டானே!" தலைவர் சிரித்தார். "யாரோ தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. போன வருடம் ஒரு காலைக் காபியின்போது, வாய் தவறி அதை மாற்றிச் சொன்னது அவள்தான். கேட்டவர் ஒருவர்தான்.

அன்று மாலையே தவறு உறைத்தது. வீட்டில் திருத்திச் சொல்லத்தான் மறந்துபோனாள்.