இறக்கி விடுங்க, அண்ணி!

"இடுப்புல பசை போட்டா ஒட்டியிருக்கு? கொஞ்சம் இறக்கித்தான் விடுங்களேன், அண்ணி!"

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவளுக்குக் கைவந்த கலை.

"தரை ஜில்லுன்னு இருக்கும்மா, சளி பிடிச்சுக்கும்" என்றாள் நாத்தனார், பாப்பாவை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே.

நேற்று, "இப்பதான் துடைச்சேன், வழுக்கும்." முந்தாநாள், "எறும்பு ஊருது." நாளைக்கு, தரையே இல்லை என்று சொன்னாலும் சொல்வாள்.

டீச்சரின் கணவன் சில மாதங்களுக்கு முன்பே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, விசா வரும்வரை டீச்சரும் ஒரு வயது பாப்பாவும் அவனுடைய அக்கா, அத்தான் வீட்டில். டீச்சர் காலையில் பள்ளிக்கூடம் போனால் மாலைதான் திரும்புவாள். அதுவரை பாப்பா நாத்தனார் பொறுப்பு. ஒருவழியாக விசாவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். அடுத்த வாரம் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டியதுதான்.

எதிர்வீட்டுக் குழந்தை பாப்பாவுக்கு அப்புறம் பிறந்தது. அது இப்போது ஓடுகிறது. அந்தச் சேதியைத் தினமும் டீச்சரிடம் சொல்லாவிட்டால் அதன் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

பாப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பொத்தென்று உட்காருவாள். அதெல்லாம் போன வாரம் வரைக்கும். இந்த வாரம் சுவருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அத்தையின் இடுப்புதான் எல்லாம்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"நடந்துட்டாளா?"

"எங்க நடக்கறது? உங்க அக்கா கீழ விட்டாத்தானே? பாருங்க, இடுப்புல வெச்சுக்கிட்டே ஏர்போர்ட்டுக்கு வந்து, அப்படியே ஃப்ளைட்லயும் ஏறிடுவாங்க."

"ஊருக்குப் போற பிள்ளைங்கற பாசம்தான்."

"பாசமா? பெத்தவகிட்ட ஒட்ட விடக் கூடாதுன்னு ஒரு பாசமா?"

அறைக்கு வெளியே நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் டீச்சரும் குரலைக் குறைக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. பாப்பாவுக்கு ஒரு பரீட்சை வைத்துவிடுவது என்று டீச்சர் முடிவு செய்தாள். கூடத்தின் நடுவில் நிற்க வைத்தாள். கையை விடப் போன நேரம், சமையலறையிலிருந்து ஈரக்கையோடு பறந்து வந்த நாத்தனார் பாப்பாவை அள்ளிக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது?"

"பெட்டியெல்லாம் திறந்து கிடக்கு. மூலை குத்திடும்மா."

"எனக்குத் தெரியாதா? நான் பெத்தவ!"

நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது.

"நீதாம்மா பெத்தவ, யார் இல்லேன்னா? நாளைக்கு அவன் வந்துடட்டும். அப்புறம் நீங்களாச்சு, உங்க பாப்பாவாச்சு."

அன்று முழுக்க இரண்டு பேரும் பாத்திரங்கள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். நங், டங், படார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்த நாத்தனார், யாரும் கேட்காமலே பாப்பாவை இறக்கி விட்டாள்.

டீச்சருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மேற்கே உதித்த சூரியன்கூட இவ்வளவு ஆச்சரியப்படுத்தியிருக்காது.

பாப்பா நின்றாள். வாசலில் நிற்கிற ஆளை உற்றுப் பார்த்தாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, நேராகப் போய் அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தேம்பித் தேம்பி அழுதான்.

"பாத்தியா? முதல் அடி! அப்பா வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா, என் தங்கம்!"

டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்து மாதம் சுமந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் துடைத்ததும் அவன் அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க்கா, இவ்வளவு நல்லா நடக்கற பிள்ளையை இடுப்புலயே வெச்சு முடக்கப் பாத்தியே!"

"தப்புதாண்டா" என்று சிரித்துவிட்டு நாத்தனார் சமையலறைக்குப் போனாள்.

டீச்சரும் பின்னாலேயே போனாள். ஜெயித்தால் மட்டும் போதுமா? பாடம் நடத்த வேண்டாமா?

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அண்ணி! இறக்கி விட்ட நிமிஷமே நடந்துட்டா பாத்தீங்களா? உங்க ஆசைக்குக் குழந்தையோட காலை இல்ல பிடிச்சு வெச்சிருந்தீங்க!"

நாத்தனார் அடுப்பைப் பற்ற வைப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவள் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பாப்பா செவ்வாய்க்கிழமையே நடந்துட்டாம்மா! இந்த அடுப்படியிலேருந்து வாசல் வரைக்கும்! இவதான், யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு..."

நாத்தனார் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க! முதல் அடியைப் பாத்துட்டேன்னு அங்க ஒருத்தன் குதிச்சுக்கிட்டு இருக்கான். அவன் காதுல விழப் போவுது!"

டீச்சரும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அண்ணி?"

"அன்னிக்கு நீயும் ஸ்கூல்லதானேம்மா இருந்தே?"