முந்திக்கொண்ட அஞ்சலிப்படம்

ஜப்பானின் எடோ நகரத்துப் படக்கடை வாசலில் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மருந்துப் பொட்டலத்தோடு வீட்டுக்கு விரையும் ஓகினு, கூட்டத்தைக் கண்டு நின்றுவிடுகிறாள். கயிற்றில் தொங்கும் அச்சுப்படங்கள் எல்லாவற்றிலும் அவள் கணவன், கபுகி நாடக நடிகன் ஹமனோஜோ. செத்தவர்களுக்கு உடுத்தும் வெளிர்நீல உடையில், கையில் ஜெபமாலையோடு, தாமரைமேல் நிற்கிறான். படத்தில் உதட்டுச் சிவப்பு மை இன்னும் காயவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே முண்டியடித்து வாங்குகிறார்கள். "ஐயா, இதையெல்லாம் கழட்டுங்க. அவர் உயிரோட இருக்கார். காலையிலகூட என் கையால கஞ்சி குடிச்சார்" என்கிறாள் ஓகினு. கடைக்காரர் அவளை அடையாளம் கண்டு குரலைத் தாழ்த்துகிறார். "வைத்தியர் கைவிட்டுட்டார்னு ஊரே பேசுதும்மா. நான் கழட்டினா எதிர்க்கடைக்காரன் மாட்டுவான்." அவள் யாரென்று அறியாத மீன்காரி ஒருத்தி அவள் தோளை அணைத்துக்கொள்கிறாள். "அழு தாயி, நல்லா அழு. எனக்கும் அவருன்னா உசிரு." ஓகினு மீன்காரியின் பிடியை விலக்கித் திரும்புகிறாள். அதற்குள் படமும் ஊதுபத்தியுமாக நாலைந்து பேர் அவள் வீட்டுத் தெருவில் திரும்பிவிட்டார்கள். அங்கே, வெக்கைக்காகத் திறந்துவைத்த கதவைப் பார்த்தபடி, அவன் விழித்துப் படுத்திருக்கிறான்.