அவர் கையெழுத்து

அங்கே குளிர்காலமான ஜூலையில், மூன்றாவது முறையாக அந்தக் கத்தோலிக்கத் தொண்டு நிலையத்தின் படியேறினாள் மொய்ரா. மறதி நோயில் விழுந்த கணவரை ஒரு வாரம் அவர்கள் பார்த்துக்கொண்டால், அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

“ஃபாரத்துல அவர் கையெழுத்து இல்லையே,” என்றாள் புதிதாகச் சேர்ந்த டெஸ்.

“ஏம்மா, பேனாவைக் குடுத்தா கடிக்கிறார். எத்தனை தடவை சொல்றது?”

“நோயாளியே சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அதுதான் இங்க ரூல்.”

“எந்தப் புண்ணியவான் போட்ட ரூல் அது?”

“எங்க பழைய தலைவர். அதோ, அந்த ரூலை அவர் கையெழுத்தோட ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்கோம்.”

மொய்ரா எழுந்துபோய் அந்தச் சட்டகத்தைக் கழற்றிவந்து மேசைமேல் வைத்தாள்.

“இதையே ஃபாரத்துல ஒட்டிக்கோம்மா. வெளியில கார்ல பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது இந்த மனுஷன்தான்.”