மூன்றாவது கையெழுத்து

"இதுக்கு முன்னாடி பார்த்த வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் பெண் அதிகாரி.

"நான் விடலை மேடம். அதை எடுத்துட்டு, பேசுற வேலை கொடுத்துட்டாங்க."

"பேசுற வேலையா?"

"ஆமா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்க வருவாங்க. போன் அடிக்கும். ஒருத்தர் 'பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டுப் போவார். எதை, எப்ப, யார் பார்க்கணும்னு சொல்ல மாட்டார். மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை."

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளை எண்ணிச் சரிபார்த்துத் தட்டில் அடுக்கும் வேலைக்கான நேர்காணல் அது. தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய இரண்டு அதிகாரிகள் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். மூன்றாவது நாற்காலி அந்தப் பிரிவின் சூப்பர்வைசருக்கு. ஆள் இன்னும் வந்தபாடில்லை.

எதிரில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மேஜை விளிம்பைப் பார்த்தே பேசினார். காரணத்தை உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். "எனக்கு ஆட்டிசம் இருக்கு. உங்களைப் பார்த்தா நீங்க சொல்றது காதுல விழாது. விழணும்னா பார்க்கக் கூடாது."

"கருவி அடுக்குறதுல எத்தனை வருஷ அனுபவம்?"

"பதினொரு வருஷம், நாலு மாசம்."

"வாயால யார் வேணாலும் சொல்லலாம்" என்று ஆண் அதிகாரி ஒரு தட்டையும் பட்டியலையும் அவர் பக்கம் தள்ளினார்.

கருவிகளில் கை பட்டதும் ஆளே மாறிப்போனார். தூக்கியிருந்த தோள்கள் இறங்கின. மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

"இருபத்துநாலு இருக்கணும். வளைஞ்ச கத்தரிக்கோல் ஒண்ணு குறையுது. அப்புறம், இந்த இடுக்கியில ஒரு பல் தேஞ்சிருக்கு. இதை உள்ள அனுப்பக் கூடாது."

கத்தரிக்கோல் ஆண் அதிகாரியின் மேஜை இழுப்பறையில் இருந்தது. பரீட்சை வைக்க அவர்தான் ஒளித்திருந்தார். தேய்ந்த பல் அவருக்கே தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு அசடு வழிந்தார்.

"இந்த வேலை கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் பெண் அதிகாரி.

"திரும்பவும் பேசுற வேலைதான். என்னால முடியாது மேடம்." "நல்லது பண்றதா நினைச்சுத்தான் கொடுத்தாங்க. அக்கா வீடு வீடாப் போய்ப் பெருமையாச் சொல்லிட்டு வந்தாங்க. வேண்டாம்னு முடிவு பண்ணினதை அவங்ககிட்ட இன்னும் சொல்லலை."

பெண் அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. "சரி, இங்க இருக்கிற சூப்பர்வைசரோட ஒத்துப்போவீங்களா?"

"அவரால எனக்கு ஒரு பிரச்சினையும் வராது. மனுஷன் நல்லவர்தான். ஆனா அந்த வேலைக்கு லாயக்கில்லை. கேட்டா அவரே ஒத்துக்குவார்."

ஆண் அதிகாரிக்குப் புரையேறியது. வேலையில் சேரும் முன்பே மேலதிகாரியைக் குறை சொல்லும் ஆளை அவர் கண்டதில்லை. ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்த பிறகு வேறு யாரையும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது கட்டம் சூப்பர்வைசருக்கு. அது நிரம்பாமல் நியமனம் செல்லாது.

பெண் அதிகாரி அந்த எண்ணை நான்காவது முறையாக அழுத்தினார். "இன்னும் சுவிட்ச் ஆஃப். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். இந்த மனுஷன் எங்கதான் போய்த் தொலைஞ்சார்?"

"பத்து மணிக்கே வந்துட்டார் மேடம். போனை ஆஃப் பண்ணிட்டு உள்ள வரணும்னு உங்க கதவுல ஒட்டியிருக்கு" என்றபடி எதிரில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இந்தக் கட்டத்துலதானே? சூப்பர்வைசரா நான் போடுற கடைசிக் கையெழுத்து இது."